கோழிக் குடற்புழு: மூலிகையா, கடை மருந்தா, தரையைத் திருத்துவதா?

காவிரி டெல்டாவில் கோழி வளர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: குடற்புழுவுக்கு வேப்பிலை, பூண்டு என்று வீட்டிலேயே அரைத்துக் கொடுத்தால் போதுமா, இல்லை கடைக்குப் போய் மருந்து வாங்கித்தான் ஆக வேண்டுமா? நாட்டுக்கோழி என்றால் மூலிகைதான் என்று ஒரு பக்கம் அடித்துச் சொல்கிறார்கள், மூலிகையெல்லாம் வேலைக்கு ஆகாது என்று இன்னொரு பக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களைப் பார்க்கலாம். நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் குஞ்சுக்கும், நாடாப்புழு பிடித்த கோழிக்கும் மருந்துதான், அங்கே மூலிகையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். நன்றாகத் தின்று திரிகிற வளர்ந்த கோழிக்கு மாதாமாதம் மருந்து ஊற்ற வேண்டியதில்லை, அங்கே மூலிகைக்கு இடம் உண்டு. ஆனால் கொடாப்பை, அதாவது ராத்திரி கோழி அடைக்கும் கூட்டைச் சுற்றியுள்ள மண் நசநசவென்று இருக்கும்வரை இரண்டுமே விழலுக்கு இறைத்த நீர்தான்.

எந்தப் புழு என்று தெரியாமல் எதையும் ஒப்பிட முடியாது. நம் கோழிகளில் அதிகம் பார்ப்பது உருண்டைப்புழு. 5 முதல் 12 செ.மீ. நீளம், வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறம், சிறுகுடலில் இருக்கும். செத்துப்போன இரண்டு மாதக் குஞ்சு ஒன்றின் குடலைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி விரித்துப் பாருங்கள், வேகவைத்த சேமியாவைத் திணித்து வைத்தது போல அடைத்துக்கொண்டு கிடக்கும். தின்றது அத்தனையும் எங்கே போனது என்று அப்போதுதான் புரியும். குடலின் கடைசிப் பக்கம் இரண்டு பை போலத் தொங்குகிறதே, குருட்டுக்குடல், அதற்குள் ஒன்று ஒன்றரை செ.மீ. அளவில் நூல் நூலாக நெளிவது குருட்டுக்குடல் புழு. முடி போல மெல்லிதாக, கண்ணுக்கே சரியாகத் தெரியாத முடிப்புழுவும் உண்டு. கடைசியாக நாடாப்புழு, தட்டையாக, கணுக் கணுவாக இருக்கும். அதன் கணுக்கள் எச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகளாக விழும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால் உருண்டைப்புழு எச்சத்திலிருந்து மண், மண்ணிலிருந்து கோழி என்று நேராகப் போகிறது. நாடாப்புழு அப்படி இல்லை, எறும்பு, வண்டு, ஈ என்று இடையில் ஒரு பூச்சி வேண்டும், அந்தப் பூச்சியைக் கொத்தித் தின்றால்தான் கோழிக்கு ஏறும். எருக்குழியைக் கிளறித் திரியும் கோழிக்கு நாடாப்புழு திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குஞ்சு கூனிக்குறுகி நின்று, எச்சத்தில் ரத்தம் கலந்து போனால் அது பெரும்பாலும் குடற்புழு வேலை இல்லை, ரத்தக்கழிச்சல். அது புழுவே கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ஓரணு உயிரி. அதற்கு ஆம்ப்ரோலியம் போன்ற தனி மருந்து இருக்கிறது. குடற்புழு மருந்து ஊற்றினாலும் கேட்காது, வேப்பிலை அரைத்துக் கொடுத்தாலும் கேட்காது, நாலு நாள் பார்க்கலாம் என்று விட்டால் கூட்டமாகச் செத்துப்போகும். மழைக்காலத்தில் இதைப் புழு என்று நினைத்துக் குஞ்சுகளை இழந்தவர்கள் நிறையப் பேர்.

சரி, மூலிகைக்கு வருவோம். மூலிகை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். நம் பக்கம் பரவலாக இருப்பது ஒரு கூட்டு மருந்து: சீரகம், கடுகு, மிளகு, மஞ்சள், பூண்டு, வேப்பிலை, தும்பை, பாகல், வாழைத்தண்டு, இவற்றை அரைத்து உருண்டையாக ஊட்டுவார்கள், அல்லது குருணையிலோ தவிட்டிலோ பிசைந்து வைப்பார்கள். தஞ்சாவூர் பிள்ளையார்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இந்த மரபுவழி மூலிகை வைத்தியத்தைப் பல வருடமாக எடுத்துப் பேசி, வளர்ப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த இடம். எத்தனை கோழிக்கு எவ்வளவு என்ற கணக்கை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்வதுதான் சரி. கைபேசியில் சுற்றி வரும் அளவுகளில் மாட்டுக்குச் சொன்னதைக் கோழிக்கு என்று போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கூட்டில் எனக்குப் பிடித்த விஷயம், எல்லாமே சமையலறையிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை, அளவாகக் கொடுத்தால் கோழிக்குக் கெடுதல் பெரிதாக இல்லை, முட்டையை ஒதுக்கி வைக்க வேண்டியதும் இல்லை. பிடிக்காத விஷயம், இது உள்ளே இருக்கும் புழுவில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்று கேட்டால் கொடுப்பவர்களிடம் பதில் இருப்பதில்லை. "புழு வந்துச்சுண்ணே, கண்ணால பார்த்தேன்" என்பார்கள். புழு வந்திருக்கும், பொய் இல்லை. ஆனால் மருந்தே கொடுக்காத கோழியின் எச்சத்திலும் அவ்வப்போது உருண்டைப்புழு வந்து விழும், கோழிக்கு வயது ஏற ஏற எதிர்ப்புச் சக்தி கூடி உடம்பே புழுவைத் தள்ளும். எனவே புழு வந்தது என்பது மட்டும் சாட்சி ஆகாது. இன்னொரு பக்கம், அல்பென்டசோல் என்ற கடை மருந்தைக் கொடுத்தால் புழு பட்டினி கிடந்து மெதுவாகத்தான் சாகும், செத்ததில் கொஞ்சம் குடலிலேயே கரைந்தும் போகும், எச்சத்தில் ஒன்றும் கண்ணில் படாமல் "மருந்து வேலை செய்யலை" என்று திட்டுவார்கள். கண்ணால் பார்த்ததை வைத்து இரண்டு பக்கமும் தப்பான முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

பூண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது அதுதான். நெதர்லாந்தில் உருண்டைப்புழு ஏற்றிய கோழிகளுக்குப் பூண்டில் இருக்கும் அல்லிசினைக் கொடுத்துப் பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். புழு குறையவில்லை. அதே சோதனையில் ஃப்ளூபென்டசோல் என்ற புழு மருந்து கொடுத்த கோழிகளில் புழு போய்விட்டது. பூண்டு வேறு வகையில் நல்லதாக இருக்கலாம், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் உருண்டைப்புழுவை விரட்ட அதையே நம்பியிருப்பது சரியில்லை.

பப்பாளிதான் இந்தப் பட்டியலில் அறிவியல் பக்கம் கொஞ்சம் கனமாக நிற்பது. காயைக் கீறினால் வடியும் பாலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன, அவை புழுவின் மேல்தோலையே அரித்துவிடும். இது ஆய்வுக்கூடத்தில் நன்றாகப் பார்த்த விஷயம். 1994-ல் வெளியான ஒரு சோதனையில் பன்றிகளுக்கு இந்தப் பாலைக் கொடுத்தபோது ஒரு கிலோ உடல் எடைக்கு 8 கிராம் என்ற அளவில் உருண்டைப்புழு முழுதாகப் போனது, அளவைக் குறைத்தபோது பலனும் குறைந்தது, அதிக அளவு கொடுத்த பன்றிகளில் சிலவற்றுக்கு வயிறும் போனது. பன்றிக் கணக்கைக் கோழிக்கு அப்படியே போட முடியாதுதான், ஆனால் அளவு என்ன என்பது புரியும். ஒரு காயைக் கீறி எத்தனை சொட்டு வடிகிறது, ஒன்றேகால் கிலோ சிறுவிடை நாட்டுக்கோழிக்கு எத்தனை சொட்டு போகிறது என்று நினைத்துப் பாருங்கள். தவிட்டில் நாலு சொட்டு கலந்து ஐம்பது கோழிக்கு வைத்தால் அது பெயருக்குத்தான். மேலும் அந்தப் பால் தோலில் பட்டாலே எரியும், நீர்க்காமல் கோழி வாயில் விட்டால் வாயும் தொண்டையும் புண்ணாகும். சுடவைத்தால் நொதி செத்துவிடும், அதனால் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பதிலும் பலன் இல்லை.

பப்பாளி விதை வேறு கதை. அதில் இருப்பது நொதி இல்லை, கடுகைப் போன்ற காரமான ஒரு பொருள், விதையை நசுக்கினால்தான் வெளிவரும், முழு விதையாகப் போட்டால் வந்த வழியே போய்விடும். காயவைத்துப் பொடித்துத் தீவனத்தில் கலக்கலாம். ஒரு எச்சரிக்கை: பப்பாளி விதை ஆண் எலிகளிலும் குரங்குகளிலும் விந்தணுவைக் குறைப்பதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அடைக்கு முட்டை எடுக்கும் கூட்டத்துச் சேவலுக்கு இதைத் தொடர்ந்து கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாட்டு மருந்துக் கடையில் புழுவுக்கு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் வாய்விடங்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அதிலுள்ள எம்பெலின் என்ற பொருளுக்கும் எலிகளில் கருத்தரிப்பைக் குறைக்கும் குணம் உண்டு.

முருக்கன் விதை, அதாவது புரசு மரத்து விதை, புழுவுக்கு உண்மையிலேயே வீரியமானது. அதிலிருக்கும் பலாசோனின் புழுவைக் கொல்லும். ஆனால் கொப்புளம் கிளப்பும் ஒரு கடுமையான விஷப்பொருளுக்கு அது ரசாயனத்தில் நெருங்கிய சொந்தம், எனவே அளவு தப்பினால் கோழிக்கும் ஆபத்து. பாக்கும் அப்படித்தான். பாக்கிலுள்ள அரிகோலின் நாடாப்புழுவைச் செயலிழக்க வைக்கும், ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்கு அதை மருந்தாகவே கொடுத்தார்கள், நாய்க்கு எச்சில் வடிந்து வாந்தி எடுத்துக் கஷ்டப்படும் என்பதால் நல்ல மருந்துகள் வந்ததும் விட்டுவிட்டார்கள். ஒரு கிலோ எடை உள்ள பறவைக்கு வீட்டில் பாக்கை இடித்துக் கொடுப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. மூலிகை என்றாலே பக்கவிளைவு கிடையாது என்ற நம்பிக்கை இந்த இரண்டிலும் அடிபட்டுப்போகிறது.

வேப்பிலையை நான் மதிக்கிறேன், ஆனால் அளவோடு. வாரத்தில் ஒரு நாள் கொழுந்தைக் கொத்திப் போட்டால் கோழி தாங்கும். தினமும் தீவனத்தில் கலந்தால் கசப்பில் தீனி எடுப்பது குறையும், குஞ்சு வளர்ச்சி பின்தங்கும், புழுவால் இளைத்த குஞ்சு தீனியும் குறைந்து இன்னும் இளைக்கும்.

கொடுக்கும் விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. மூலிகை பிசைந்த தவிட்டைத் தட்டில் வைத்ததும் யார் முதலில் ஓடி வருகிறார்கள்? கொழுத்த சேவலும் பெரிய பெட்டையும்தான். இறக்கை தொங்கி ஓரமாக நிற்கும் குஞ்சுக்குத்தான் மருந்து வேண்டும், அது தட்டை நெருங்குவதற்குள் நல்ல பாதி காலி, மிச்சத்தில் கசப்பைக் கொத்திப் பார்த்துத் தலையை உதறிவிட்டுப் போய்விடும். இருபது கோழி என்றால் ஒவ்வொன்றாகப் பிடித்து உருண்டை ஊட்டலாம், சாயங்காலம் கொடாப்பில் அடைக்கும்போதே முடிந்துவிடும். முந்நூறு கோழிக்கு அது நடக்காது. இலை பறிப்பது, அரைப்பது, பிடிப்பது, ஊட்டுவது என்று ஆள் கூலியைப் போட்டுப் பார்த்தால் மூலிகைதான் மலிவு என்ற பேச்சும் அங்கே நிற்காது.

இப்போது டெல்டாவுக்கே உரிய ஒரு விஷயம். நம் ஊரில் மூலிகை வேலை செய்தது என்று சொல்பவர்கள் எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கோழி இளைத்து, மார்கழியில் கவலைப்பட்டு, தை பிறக்கும்போது கொடுத்திருப்பார்கள். தையில் என்ன நடக்கிறது? மழை நின்று தரை காய்கிறது. சம்பா அறுவடை தொடங்கிக் களத்திலும் வயலிலும் நெல் சிந்திக் கிடக்கிறது, கோழிக்கு வயிறு முட்டத் தீனி. புரட்டாசியில் பொரித்த குஞ்சுக்கு நாலு மாதம் ஆகி எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது. மூன்று மாதத்தைத் தாண்டிய கோழிக்கு உருண்டைப்புழுவைத் தாங்கும் தெம்பு தானாக வரும். இவ்வளவும் சேர்ந்து கோழி தேறுகிறது, பெயர் மூலிகைக்குப் போகிறது. அதே கூட்டைக் கார்த்திகை அடைமழையில் இரண்டு மாதக் குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தால்தான் அது உண்மையான பரீட்சை.

கடை மருந்துக்கு வருவோம். இதிலும் எல்லாம் ஒன்றில்லை, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்து ஊற்றுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. பைபரசின் தண்ணீரில் நன்றாகக் கரையும், கோழிக்குப் பாதுகாப்பு, ஆனால் வளர்ந்த உருண்டைப்புழுவைத்தான் பிடிக்கும். குடல் சுவருக்குள் புதைந்திருக்கும் இளம்புழுவையும் நாடாப்புழுவையும் அது தொடாது, குருட்டுக்குடல் புழுவிடமும் அதன் ஜம்பம் சாயாது. அதனால்தான் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்கச் சொல்கிறார்கள், அந்த இரண்டாவது தடவையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். லெவமிசோல் இன்னும் கொஞ்சம் விரிந்தது, உருண்டைப்புழுவோடு குருட்டுக்குடல் புழுவையும் பிடிக்கும். தண்ணீரில் கலக்கலாம், கசக்கும், ஆகவே கொடுப்பதற்கு முன் ஓரிரு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்துக் கொடுக்க வேண்டும். இதில் அளவு மீறக் கூடாது.

அல்பென்டசோலும் ஃபென்பென்டசோலும் உருண்டைப்புழு, குருட்டுக்குடல் புழு இரண்டுக்கும் கேட்கும். ஆனால் அல்பென்டசோல் தண்ணீரில் கரையாது. காலையில் கலந்து வைத்த தண்ணீர்க் குவளையை மத்தியானம் தூக்கிப் பாருங்கள், அடியில் வெள்ளையாக மண்டி படிந்திருக்கும். மேல் தண்ணீரைக் குடித்த கோழிக்கு ஒன்றும் போயிருக்காது, அடியில் கொத்தியதற்கு அதிகமாகப் போயிருக்கும். இதைத் தீவனத்தில் பிசைந்து கொடுங்கள், கோழி கொஞ்சமாக இருந்தால் எடை போட்டு ஊசியில்லாத சிரிஞ்சால் வாயில் விடுங்கள். பாட்டிலில் சதவீதம் பார்ப்பது ரொம்ப முக்கியம்: 2.5 சதவீத மருந்தில் 1 மில்லிக்கு 25 மி.கி. இருக்கும், 10 சதவீதத்தில் அதே 1 மில்லிக்கு 100 மி.கி. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மில்லி கணக்கை வேறு பாட்டிலில் போட்டால் நாலு மடங்கு போய்விடும், அல்லது கால்வாசிதான் போகும். கோழி இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் சமயத்தில் ஃபென்பென்டசோல் வேண்டாம், இறகு கோணலாக வரும். நாடாப்புழுவுக்கு என்று இருப்பது பிராசிகுவாண்டெல், நாடாப்புழு என்று கண்டுபிடித்துவிட்டால் மருத்துவரிடம் கேட்டு அதையே வாங்குங்கள்.

மருந்துப் பக்கத்தில் பெரிய குறை இரண்டு. ஒன்று முட்டை. "மருந்து ஊத்துன கோழி முட்டையா தம்பி?" என்று கேட்டு வாங்கும் ஆட்கள் இப்போது அதிகம், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மருந்து முட்டையில் இறங்கும், அதனால் மருத்துவரும் பாட்டில் மேல் இருக்கும் சீட்டும் சொல்லும் நாள்வரை முட்டையையும் கறியையும் விற்கக் கூடாது, வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. வாரச் சந்தையை நம்பி முட்டை விற்பவருக்கு இது நேரடி நஷ்டம். இதற்கு வழி, பெட்டைகள் அடையில் இருக்கும்போதும் குஞ்சுடன் திரியும்போதும், அதாவது முட்டை விடாத சமயத்தில் கொடுத்துவிடுவது. விடலைக் கோழிக்கு முட்டைக்கு வரும் முன்பே முடித்துவிடுவது.

இரண்டாவது குறை, புழு மருந்துக்குப் பழகிவிடுவது. நம் பக்க ஆடுகளில் அல்பென்டசோல் வகையறா கேட்காமல் போனதை ஆடு வளர்ப்பவர்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் வான்கோழி உருண்டைப்புழுவில் ஃபென்பென்டசோல் பலிக்காமல் போனது பதிவாகியிருக்கிறது. கோழிக்கும் மாதாமாதம், அதுவும் குத்துமதிப்பாகக் குறைத்துக் குறைத்து ஊற்றிக்கொண்டிருந்தால் இங்கேயும் அதுதான் நடக்கும். மாதம் ஒரு தடவை கட்டாயம் குடற்புழு நீக்கம் என்று எழுதி வைத்திருக்கும் அட்டவணைகளை நான் ஏற்கவில்லை.

மூன்றாவது வழியான தரைக்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை, விற்க ஒன்றும் இல்லாததால். உருண்டைப்புழு முட்டை எச்சத்தோடு விழுந்த உடனே நோய் தராது. ஈரமும் சூடும் இருந்தால் பத்து நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் அதற்குள் இளம்புழு உருவாகும், அதைக் கொத்திய கோழிக்குத்தான் புழு ஏறும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காயவைத்து, வெயில் நேராகப் பட்டால் செத்துவிடும். கிருமிநாசினி தெளித்தால் பெரிதாக அசையாது, சுண்ணாம்பு தூவினாலும் தரை உலரும் என்பதுதான் லாபம். இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்தால் அதிலிருந்து வாய்க்கால் ஓரமெல்லாம் ஈரம், அப்புறம் வடகிழக்குப் பருவமழை, சம்பா தாளடி முடிந்து மண் உண்மையில் வெடிக்கக் காய்வது மாசி பங்குனியிலிருந்து வைகாசி வரைதான். வருடத்தில் பாதிக்கு மேல் புழு முட்டைக்குச் சொர்க்கம். நாமக்கல்லில் கம்பிக் கூண்டில் முட்டைக்கோழி வளர்ப்பவருக்கு உருண்டைப்புழு பெரிய தலைவலி இல்லை, அவருடைய கோழி எச்சத்தை மிதிப்பதில்லை. அவர் அட்டவணையை நாம் எடுத்துக்கொண்டு பயனில்லை.

கோழி ராத்திரி முழுக்கக் கொடாப்பில் எச்சம் போடுகிறது, விடிந்ததும் அதையே கிளறுகிறது. கொடாப்பை முழங்கால் உயரத்துக்கு மேலே தூக்கி, அடியில் மூங்கில் பிளாச்சோ கம்பி வலையோ போட்டு, கீழே விழுந்ததைத் தினம் கூட்டி எருக்குழியில் மூடிவிட்டால் போதும், புழு முட்டையில் பெரும் பங்கு கோழி வாய்க்குத் திரும்பாது. கொட்டகையில் ஆழ்கூளம், அதாவது தரையில் கூளத்தைத் தடிமனாகப் பரப்பி வளர்ப்பது என்றால் நமக்கு ரைஸ்மில் உமி இருக்கிறது, வாரம் இரண்டு தடவை கிளறி விடுவதும், தண்ணீர்க் குவளையைச் சுற்றி நனைந்து கட்டி தட்டியதை அன்றன்றே அள்ளி வெளியே போடுவதும்தான் வேலை. கைப்பிடி உமியை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள், விரித்ததும் உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் அதிகம். குஞ்சுகளைப் பெரிய கோழிகள் திரிந்த இடத்தில் மூன்று மாதம்வரை விடாதீர்கள். தாய்க்கோழியோடு விடுவதானால் பஞ்சாரத்தைத் தினமும் இடம் மாற்றுங்கள், போன மாதம் கோழி அடைந்த இடத்தில் கவிழ்க்காதீர்கள். சித்திரையில் மேய்ச்சல் இடத்தை ஒரு தடவை கொத்திப் புரட்டி வெயில் காயவிடுங்கள், பெரிதாகச் செலவு இல்லாத புழு மருந்து அது.

தீனியும் இதில் சேர்ந்ததுதான். உயிர்ச்சத்து ஏ-யும் புரதமும் குறைந்த கோழியில் உருண்டைப்புழு அதிகம் தங்கும். முருங்கைக்கீரை, அகத்தி, அசோலா கொடுப்பதை நான் மூலிகை வைத்தியத்தைவிட மேலாக வைப்பேன். அவை புழுவைக் கொல்லாது, கோழி புழுவைத் தாங்கி நிற்க உதவும்.

யாருக்கு எது என்று இப்போது சொல்லலாம். வீட்டைச் சுற்றிப் பத்து இருபது கோழி விட்டிருப்பவர், முட்டையும் கறியும் பெரும்பாலும் வீட்டுக்குத்தான் என்றால், கொடாப்பைத் தூக்கிக் கட்டிவிட்டு மாதம் ஒரு தடவை அந்த மூலிகைக் கூட்டைப் பிடித்து ஊட்டுவது நல்ல ஏற்பாடு. கோழியைக் கையில் பிடிப்பதே ஒரு லாபம்: நெஞ்செலும்பைத் தடவிப் பார்ப்பீர்கள், கொண்டை வெளுத்திருப்பதைப் பார்ப்பீர்கள், இளைத்தது எது என்று தெரியும். அந்த இளைத்ததை மட்டும் தனியாக அடைத்து மருந்து கொடுங்கள். நூறிலிருந்து முந்நூறு வரை சிறுவிடையோ அசிலோ பகலில் மேயவிட்டு ராத்திரி கொட்டகையில் அடைக்கிறவர்தான் நடுவில் மாட்டிக்கொள்பவர், இவருக்கு என் யோசனை வருடத்தில் இரண்டு தடவை எல்லாக் கோழிக்கும் முறையாக மருந்து, குஞ்சுக்கூட்டத்துக்குத் தனிக் கணக்கு, இடையில் மூலிகை வேண்டுமானால் வளர்ந்தவற்றுக்கு. ஆயிரத்துக்கு மேல் ஆழ்கூளத்தில் வளர்ப்பவருக்கு மூலிகை அரைப்பது நடைமுறையே இல்லை, அவர் கூளத்தைக் காயவைப்பதிலும் எச்சப் பரிசோதனையிலும் காசைப் போடட்டும், பரிசோதனை சொன்னால் மட்டும் மருந்து.

அந்த இரண்டு தடவை எப்போது? ஒன்று புரட்டாசியில், மழை பிடிக்கும் முன்னால், மண்ணில் விழும் முட்டையைக் குறைத்துவிட்டு மழைக்குள் போவதற்கு. இன்னொன்று தை நடுவில். பிப்ரவரி தொடக்கத்தில் அரசு இருவாரக் கோழிக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) தடுப்பூசி முகாம் நடக்கும், அதற்கு ஒரு வாரம் முன்பு புழு நீக்கியிருந்தால் தடுப்பூசி நன்றாக எடுக்கும். குஞ்சுகளுக்கும் இதே கணக்கு, எட்டாவது வாரத் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பு, அதாவது ஏழாவது வாரம் முதல் மருந்து. இந்தக் குறிப்பிட்ட தடவைக்கு மூலிகையை மாற்றாக வைக்காதீர்கள், கோழிக்கழிச்சல் வந்தால் கூட்டமே காலியாகும், அந்த ஆபத்துக்கு இடம் கொடுக்க மனம் வரவில்லை.

மூலிகை மேல் நம்பிக்கை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், சண்டைக்காக இல்லை. அளந்து பாருங்கள். விடியற்காலையில் கொடாப்புக்கு அடியில் பத்துப் பதினைந்து இடத்திலிருந்து புது எச்சமாக எடுத்து, குருட்டுக்குடலிலிருந்து வரும் பழுப்பான பசை எச்சத்தையும் சேர்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டி அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். உப்புக் கரைசலில் கலக்கினால் புழு முட்டை மேலே மிதக்கும், அதை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். எண்ணித் தரும் வசதி அங்கே இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். மூலிகை கொடுத்து 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். கிராமுக்கு 1000 இருந்தது 100 ஆனால் 90 சதவீதம் குறைந்தது என்று கணக்கு, அந்த மாதிரி குறைந்தால் உங்கள் மூலிகைக்கு நானே சாட்சி சொல்கிறேன். 1000 இருந்தது 600 ஆனால் மூலிகை கொடுக்காமல் விட்ட இன்னொரு கொடாப்பிலும் எண்ணிப் பாருங்கள், அங்கேயும் 600 ஆகியிருந்தால் குறைத்தது பருவம்தான்.

இதில் இரண்டு ஓட்டை உண்டு. நாடாப்புழு இந்த எண்ணிக்கையில் பெரும்பாலும் மாட்டாது, எச்சத்தில் கணுவைத் தேட வேண்டும் அல்லது செத்ததை அறுத்துப் பார்க்க வேண்டும். உருண்டைப்புழு முட்டை விட ஆரம்பிக்கவே கோழிக்குள் போய் ஐந்தாறு வாரம் ஆகும், அதற்கு முந்தைய குஞ்சில் பரிசோதனை சுத்தம் என்று வந்தாலும் குடல் சுவரில் இளம்புழு அரித்துக்கொண்டிருக்கலாம். எனவே ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சு இளைத்தால் பரிசோதனைச் சீட்டைவிட, செத்த ஒன்றை மருத்துவர் அறுத்துப் பார்த்துச் சொல்வதை நம்புங்கள்.

மருந்து கொடுத்தும் எண்ணிக்கை குறையவில்லை என்றால் அளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், நாலு கோழியைத் தராசில் வைத்து எடை பாருங்கள், நாம் ஒரு கிலோ என்று நினைத்தது ஒன்றரை இருக்கும். எடை சரியாக இருந்தும் குறையாவிட்டால் அதே மருந்தை இரட்டிப்பாக ஊற்றாதீர்கள். அல்பென்டசோல் கொடுத்திருந்தால் லெவமிசோல் என்று வேறு வகைக்கு மாற்றுவதை மருத்துவரிடம் கேட்டு, மாற்றிய பிறகும் அதே 10 முதல் 14 நாளில் இன்னொரு பை எச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.